விரிசல் விழாத பூச்சு

அந்தப் பக்கம் உட்காராதீர்கள் அக்கா, காற்றடித்தால் தார்ப்பாய் முகத்தில் வந்து அறையும். இப்படித் தூளிப் பக்கம் வாருங்கள். இவள் இப்போதுதான் தூங்கினாள். மெதுவாகப் பேசினால் முழிக்க மாட்டாள். தன்ஷிகா. அவள் அப்பா வைத்த பெயர்.

மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். அவர் இருந்தால் நான் பேச வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் அவரே சொல்லிவிடுவார். எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. எட்டாவது பாதியில் நின்றவள். டீச்சர் எழுப்பிக் கேட்டால் பதில் தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டேன், அடி வாங்கிக்கொண்டு உட்காருவேன். ஆனால் இன்றைக்கு நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சுவர் ஏன் விழுந்தது என்று எழுதத்தானே டிரஸ்டில் உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? எங்கள் பேரில் தப்பு என்று எழுதினால் திரும்பக் கட்டித்தர மாட்டார்களாம். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் மழையில் விழுந்தது. மழை என்று எழுதுங்கள். மண்சுவர் மழையில் விழும். இதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது?

எங்கள் பழைய கீற்று வீடு அந்தப் பெரிய புயலில் போனது. நான் கல்யாணமாகி வந்த புதிது. பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தோம். அப்போதுதான் சுகிர்தா மேடம் வந்தார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் டிரஸ்டு இன்ஜினியர்தானே. நல்லவர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. பருத்திப் புடவை, காதில் பனையோலைத் தோடு. ஊர்க்கூட்டத்தில் நின்று சொன்னார்: "புயலுக்குக் கான்கிரீட், வெயிலுக்கு மண்ணு. ரெண்டையும் சேத்து ஒரு வீடு கட்டப்போறோம்."

அப்படித்தான் கட்டினார்கள். நிமிர்ந்து பாருங்கள், நாலு மூலைக்கும் கம்பி கட்டின தூண், தலைக்கு மேலே சுற்றிலும் கான்கிரீட் பட்டை. அதன்மேல் ஓடு. நடுவில் சுவர் மட்டும் மண். செம்மண்ணையும் கண்மாய் மண்ணையும் மிதித்து அறுத்த பச்சைக்கல். சூளையில் சுடவே இல்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த மாதிரி. கட்டினால் முழுசாகக் கான்கிரீட்டில் கட்டு, இல்லையா, மண்ணில் கட்டிவிட்டுப் போ. இரண்டும்கெட்டானாக ஒரு வீடு.

மொத்தம் இரண்டு வீடுதான் முதலில் கட்டினார்கள். எங்களுடையது ஒன்று, பக்கத்தில் சின்னப்பொண்ணு அக்காவுடையது ஒன்று. இது நன்றாக நின்றால் ஊருக்கே கட்டித்தருவதாகப் பேச்சு.

பாப்பாவின் அப்பா கொத்தனார், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பூச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோயம்புத்தூரில் பெரிய பெரிய பிளாட்டுக்கெல்லாம் அவர்தான் பூசுவார். அவர் பூசினால் சுவரில் முகம் பார்க்கலாம். டீக்கடையில் கேட்பார்களாம்: "என்ன கொத்தனாரே, ஊருக்கெல்லாம் சிமெண்ட்டு, ஒம் பொண்டாட்டிக்கு மட்டும் மண்ணா? வேணுமுன்னா சொல்லுப்பா, நான் ஒரு சட்டி கலவை தர்றேன்." இவர் சிரித்துவிட்டு வந்துவிடுவார். வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டார்.

மேடத்திடம் ஒரு தடவை கேட்டார். "நானே பூசிக்கிறேன் மேடம், டிரஸ்டுக்கு ஒரு செலவும் வேணாம்." மேடம் கூடாது என்றார். இந்தச் சுவர் மூச்சு விடுமாம். ஈரத்தைக் குடிக்குமாம், வெயிலில் வெளியே விட்டுவிடுமாம். சிமெண்ட் பூசினால் மூக்கைப் பொத்தின மாதிரியாம். வேண்டுமானால் வருஷத்துக்கு ஒருமுறை வெளியே சுண்ணாம்பு அடியுங்கள், உள்ளே சாணியும் மண்ணும் கரைத்து மெழுகுங்கள் என்றார்.

மாமியாருக்கு வந்ததே கோபம். "சாணி மெழுக இது என்ன மாட்டுக் கொட்டகையா? என் தலைமுறைதான் மெழுகிச் செத்துச்சு, இவளும் மெழுகணுமா?" அவர் எனக்காகப் பேசினது அந்த ஒரு தடவைதான். அதனால் நான் மெழுகவில்லை.

மேடத்தின் வீடு எங்கே என்று தெரியுமா அக்கா? திருச்சியில், நாலாவது மாடி. அவருடைய ஜீப் டிரைவர் அண்ணன் சொன்னார். அந்தச் சுவர் மூச்சு விடுகிறதா? அதற்கு யார் சாணி மெழுகுகிறார்கள்?

சரி, அது என் வாய்க்கு அதிகம். விடுங்கள்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காலேஜ் பிள்ளைகள், அதிகாரிகள், ஒரு தடவை வெள்ளைக்காரர்கள். சுவரைத் தடவுவார்கள், கன்னத்தை ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். "வீடு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் வேறென்ன சொல்வது? "நல்லாருக்கு" என்பேன். கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. ஆனால் ரோட்டு முனையில் என் போட்டோவைப் பெரிதாகப் போட்டு ஒரு போர்டு வைத்தார்கள். இவள் அப்போது என் வயிற்றில். போட்டோவுக்குக் கீழே, 'என் வீடு மூச்சு விடுகிறது. நானும் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். சிவரஞ்சனி, இல்லத்தரசி.' நான் எப்போது சொன்னேன்? பஸ்ஸில் போகிற வருகிற பையன்கள் எல்லாம் என்னைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மூச்சு விட்டுக் காட்டினார்கள். கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

குளிர்ச்சி இருந்தது. அதை இல்லையென்றால் வாய் அழுகிவிடும். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் இவள் தூங்குவாள். ஆனால் குளிர்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பெண் கேட்டு வருகிறவர்களிடம் குளிர்ச்சியையா காட்ட முடியும்?

பெண் என்றால் என் நாத்தனார் கோகிலா. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சந்தனக் கலர் பட்டு உடுத்தி வந்திருந்தார். நாற்காலியைப் போட்டோம். அவர் கீழேதான் உட்காருவேன் என்று இதோ, இந்தச் சுவரில்தான் சாய்ந்தார். கோகிலா காபி கொண்டுவந்து வைத்தாள், விழுந்து கும்பிட்டாள், எல்லாம் நல்லபடியாகப் போனது. எழுந்தார் பாருங்கள், முதுகெல்லாம் செம்மண். பட்டுப்புடவை பாதி காவியாகிவிட்டது. கூட வந்த பெண்கள் தட்டிவிட, தட்டத் தட்ட அது இன்னும் பரவுகிறது. எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்தம்மா கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார். "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. வீடு இன்னும் கட்டி முடியல போல?"

மாமியார், "இல்ல, முடிஞ்சு குடிவந்து வருசமாகுதுங்க" என்றார்.

"அப்படியா?" என்றார் அந்தம்மா. அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வோடு போனவர்கள், போனவர்கள்தான்.

கோகிலா சாப்பிடாமல் கிடந்தாள். "நான் கிணத்துல விழறேன், நீங்க மூச்சு விடுற வீட்டுல மூச்சு விட்டுக்கிட்டு இருங்க" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், போர்டில் இருப்பது நான்தானே.

நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. அவருக்குப் போன் செய்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. "ஒங்க கை இருக்கையில ஒங்க தங்கச்சிக்கு இந்தக் கதியா?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாளே வந்துவிட்டார். சிமெண்ட் மூட்டை, பூச்சுக்குப் போடுகிற பி-மணல், கோழிவலை எல்லாம் வந்து இறங்கியது. மண்சுவரில் சிமெண்ட் சும்மா பிடிக்காது, அது எனக்கே தெரியும். அதற்காகச் சுவர் முழுக்க ஆணி அடித்து வலையை இழுத்துக் கட்டினார். அப்புறம் கலவையை அள்ளி அடித்து, மட்டப்பலகை போட்டு இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து... அவர் கையைப் பார்க்க வேண்டும் நீங்கள். நான்தான் சித்தாள். பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு நான் கலவை எடுத்துக் கொடுப்பேன். "ஏ சித்தாளு, கலவை தண்ணியா இருக்கு, கூலியில புடிச்சிருவேன்" என்பார். "எங்க மேஸ்திரிக்குக் கண்ணு தெரியல" என்பேன். எனக்குப் பேச்சு வராது என்றேன் இல்லையா, அப்போது வந்தது. மாமியார்கூட முற்றத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து பாப்பாவின் அப்பா தொடர்ந்தாற்போல வீட்டில் இருந்தது அந்தப் பூச்சு நடந்தபோது மட்டும்தான். வேலை சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று நான் கலவையை வேண்டுமென்றே மெதுவாகக் குழைத்தேன்.

பூசினபிறகு நனைக்க வேண்டும் இல்லையா, காலையும் சாயங்காலமும் நான்தான் குடம் குடமாக ஊற்றினேன். "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து, சுவரு குடிக்கட்டும்" என்பார். அப்புறம் பிஸ்தா கலர் பெயிண்ட். ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தால் சுவர் பாதிதான் தெரிந்தது. முன்னால் ஓட்டு வரிசை குடை மாதிரி நீட்டிக்கொண்டு நிழல் கட்டியது. பெயிண்ட் அடித்து என்ன பிரயோஜனம், தெரிய வேண்டாமா? அந்த வரிசையை இறக்கிவிட்டோம். அதற்கப்புறம்தான் வீடு பளிச்சென்று ஆனது.

அடுத்த சம்பந்தம் கறம்பக்குடி. மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். டக் டக்கென்றது. "சிமெண்ட்டுதான்" என்று அவர் வீட்டம்மாவிடம் தலையசைத்தார். முடிந்தது. ஆவணியில் கல்யாணம்.

கல்யாணத்துக்கு முன்னால் சுகிர்தா மேடம் வந்தார், காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. ஜீப்பை விட்டு இறங்கி வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரு இதைப் பண்ணினது?" என்றார். சுவரைத் தடவினார், மேலே பார்த்தார், ஓடு இறங்கின இடத்தைப் பார்த்தார். "தயவுசெஞ்சு மழைக்கு முன்னாடி இதை உடைச்சு எடுத்துருங்க. ஓட்டையும் திரும்பப் போட்டுருங்க. உள்ள ஈரம் கட்டிக்கிட்டா போகாதும்மா." மாமியார், "கல்யாணம் முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார். மேடம் என் பக்கம் திரும்பினார். "சிவரஞ்சனி, நீங்களாவது சொல்லுங்க அவர்கிட்ட."

நான் தலையை ஆட்டினேன். சொல்வேனா? கட்டின புருஷன் ராப்பகலாக நின்று பூசினதை உடை என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? மேடம்தான் என்னிடம் கேட்காமல் போர்டில் எழுதினவர். நான் சொல்லாததையே நான் சொன்னதாகப் போட்டவர், இப்போது அவர் சொல்வதை நான் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையிலும் விடவில்லை. சுவரின் உள்பக்கம் கீழேயிருந்து ஈரம் ஏறிக்கொண்டே வந்தது. வெளிப்பக்கம் வயிறு தள்ளினாற்போல ஓரிடத்தில் புடைத்தது. தட்டினால் டக்கென்று கேட்கவில்லை, பொதபொதவென்றது. கோயம்புத்தூருக்குப் போன் போட்டு பாப்பாவின் அப்பாவிடம் சொன்னேன். "மழை விட்டா காஞ்சிரும்" என்றார். தூளியை மட்டும் இந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன், பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று.

ஒரு மத்தியானம், இவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ ஈரத்துணி மூட்டையைக் கீழே போட்ட மாதிரி 'தொப்'பென்று. திரும்பினால் சுவர் இல்லை. எதிரில் ரோடு தெரிகிறது, ரோட்டில் போகிறவன் என்னைப் பார்க்கிறான். முதலில் முந்தானையைத்தான் இழுத்துவிட்டேன்.

வெளிப்பக்கமாக விழுந்ததால் பிழைத்தோம். கோழிக்கூடு அடியில் போய்விட்டது. ஓடு ஒன்றுகூட நகரவில்லை. அந்தக் கான்கிரீட் பட்டைதான் பிடித்துக்கொண்டது, சுவர் இல்லாவிட்டாலும் கூரை நிற்கும்படி மேடம் போட்டு வைத்தாராம். பாருங்கள், சுவர் விழும் என்று அவருக்கே முதலிலேயே தெரிந்திருக்கிறது! இல்லாவிட்டால் எதற்குப் போடுகிறார்?

இப்போது முக்கியமான விஷயம். மண் முழுக்க அதிரச மாவு மாதிரி குழைந்து கிடந்தது. ஆனால் அவர் பூசின பூச்சு? வலையோடு, முழுசாக, பாய் விரித்த மாதிரி அப்படியே கவிழ்ந்து கிடந்தது. ஒரு விரிசல் இல்லை அக்கா. ஒரு விரிசல்! சுவரே விழுந்தும் விரியாத பூச்சு. நீங்கள் படித்தவர், சொல்லுங்கள், தப்பு பூச்சிலா, மண்ணிலா?

மேடம் வந்தார். பாப்பாவின் அப்பாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டார். மேடம் நடுவிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தார், தண்ணீர் சொட்டியது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்ல கொத்தனார். ரொம்ப நல்லாப் பூசியிருக்கீங்க. அதனாலதான் உள்ள போன தண்ணியால வெளிய வரவே முடியல."

கேட்டீர்களா? நன்றாகப் பூசினது தப்பாம்! மோசமாகப் பூசியிருந்தால் வீடு நின்றிருக்குமாம். இப்படி ஒரு நியாயத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

பாப்பாவின் அப்பா அந்தப் பூச்சின் ஓரத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வரவில்லை. இவள் முதல்முறையாக எழுந்து நின்றாள், அப்போதும் வரவில்லை. மேடம் சொன்னதை டிரைவர் அண்ணன் டீக்கடையில் சொல்லி, அது எப்படியோ கோயம்புத்தூருக்கும் போயிருக்கிறது. 'சொந்த வீட்டை இடிச்ச கொத்தனாரு' என்று அங்கே பேராகிவிட்டதாம். பூச்சுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கலவை சுமக்கிறார் அக்கா. என்னை 'ஏ சித்தாளு' என்று கூப்பிட்டவர் இப்போது அங்கே சித்தாளாக நிற்கிறார். எனக்குப் போன் செய்வதில்லை. நான் செய்தால் எடுத்து, "பாப்பா நல்லாருக்கா?" என்பார். வைத்துவிடுவார்.

சின்னப்பொண்ணு அக்கா வீடு நிற்கிறதே என்று எல்லாரும் வந்து என்னிடம் கேட்கிறார்கள். நீங்களும் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள். அது பூச ஆளில்லாத வீடு. அந்தக்கா தானே ஏணி போட்டு ஏறிச் சுண்ணாம்பு அடிக்கும், சாணி மெழுகும். ஓடு அப்படியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது, எடுத்துவிட யாரும் இல்லை. அது நிற்கிறதென்றால் அது அந்தக்கா செய்த புண்ணியம். புயலுக்குப் புருஷனைக் கொடுத்தவளுக்குச் சுவரையாவது கடவுள் விட்டுவைக்க மாட்டாரா? அதையும் இதையும் ஒன்றாக்கலாமா?

கோகிலா போன மாசம் வந்தாள். அவள் மாமியார் வீடு முழுக்க மொட்டைமாடிக் கான்கிரீட். "பகல்ல தோசைக்கல்லு மாதிரி கொதிக்கிது அண்ணி" என்று சொல்லிக்கொண்டே வந்து, இதோ இந்தப் பின்சுவரை ஒட்டிப் பாயைப் போட்டுச் சாயங்காலம் வரை தூங்கினாள். இந்தப் பின்சுவர் ரோட்டுக்குத் தெரியாது, அதனால் பூசவில்லை. போகும்போது சொன்னாள்: "இதையும் பூசிடச் சொல்லுங்க அண்ணி. எங்க அத்தை வந்தா மானம் போயிரும்."

நீங்கள் பேனாவை மூடிவிடாதீர்கள். நான் என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், இவள் அசைகிறாள், முழித்தால் விட மாட்டாள்.

மழை என்று எழுதுங்கள். பூச்சு என்ற வார்த்தையே அதில் வர வேண்டாம். அவர் பேர் வரவே வேண்டாம். சுவர் திரும்பக் கட்டும்போது, மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், உள்பக்கம் அதே மண்ணாகவே இருக்கட்டும். சிமெண்ட் கல்லில் கட்டினால் இவள் தூங்க மாட்டாள். அந்தக் குளிர்ச்சிக்குப் பழகிவிட்டாள்.

ஆனால் வெளிப்பக்கம் அவர் பூசுவார். கூலி வேண்டாம். டிரஸ்டிலிருந்து ஒரு வார்த்தை, 'கொத்தனாரே, வந்து பூசிக் கொடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவார். நான் சொன்னால் வர மாட்டார். இந்தத் தடவை இன்னும் கெட்டியாகப் பூசட்டும், தண்ணீர் என்ன, காற்றுகூடப் புகாத மாதிரி. நானே கலவை எடுத்துக் கொடுப்பேன். இவளும் நாளைக்கு வளர்ந்து நிற்பாள், பெண் கேட்டு வருவார்கள், வருகிறவர்கள் சுவரைத்தானே முதலில் பார்க்கிறார்கள்.

கிளம்பிவிட்டீர்களா? பார்த்து இறங்குங்கள். அங்கே தரையில் மிளகாய் காய்கிறது இல்லையா, அது தரையில்லை அக்கா, அவர் பூசின பூச்சுதான். தூக்கிப் போட ஆளில்லை. எனக்கும் மனசில்லை. மண் ஒட்டாது, ஈரம் ஏறாது, வற்றல் வடகம் எல்லாம் அதில்தான் போடுகிறேன்.

மிளகாயை ஒதுக்கிவிட்டு ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஒரே ஒரு விரிசல் காட்டுங்கள், நீங்கள் என்ன எழுதினாலும் நான் ஒத்துக்கொள்கிறேன்.